அக்கா சைக்கிள் ஓடிய நகரம்

அக்கா சைக்கிள் ஓடுகிறாள் என்று அவளுடைய கடிதத்தில் படித்தபோது நான் நம்பவில்லை. கடிதத்தைக் கணவரிடம் நீட்டி, "இதைப் பாருங்கோ, என்ன எழுதியிருக்கிறா எண்டு" என்றேன். அவர் வாசித்துவிட்டு, "ஆரோ ஓட, இவ பின்னாலை இருந்து போறாவாக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அக்கா எதற்கும் பயப்படுகிறவள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுப் பெண்கள் எல்லோரும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடத்துக்கும் டியூசனுக்கும் போனார்கள். அக்கா மட்டும் பழகவில்லை. ஒரு தடவை முயற்சி செய்து வேலியில் மோதி முழங்கையைக் கிழித்துக்கொண்டவள், அதற்குப் பிறகு ஹேண்டிலைத் தொடவே இல்லை. அவளைவிட மூன்று வயது இளையவளான நான் ஓடுவேன். அவள் பின் கரியரில் ஒரு பக்கமாக இருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடியில் எனக்கு மூச்சு முட்டும். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தாலும் "இறங்குவம், இறங்குவம்" என்பாள். நாட்டை விட்டு ஆளுக்கொரு திசையாகப் போனபோது, அவள் தன் கணவரோடு ஹொலண்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் என் கணவர் இருந்த லண்டனுக்கு வந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் இருந்து எங்களுக்குள் கடிதமும், பெருநாட்களில் ஒரு டெலிபோனும்தான்.

அந்தக் கடிதம் வந்த நேரம் நான் சைக்கிளை விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே இருந்தோம். எனக்கு வேலை டூட்டிங் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கூடத்தில். பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சீவுவதும், பெரிய தட்டங்களைக் கழுவுவதும், வரிசையில் வருகிறவர்களுக்குக் கரண்டியால் அள்ளிப் போடுவதும் என் பங்கு. பஸ்ஸில் போனால் நிறுத்தத்தில் நிற்கிற நேரம் பயண நேரத்தைவிடக் கூட. ஊரில் இத்தனை வருடம் ஓடியவள்தானே என்று ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். ஐந்து கியர், ஒல்லி டயர், முன்னுக்குக் குனிந்து பிடிக்கிற ஹேண்டில். அதில் ஏறினால் எனக்கு வானம் தெரியாது, முன்னால் இருக்கிற தார் மட்டும்தான் தெரியும்.

டூட்டிங் பெருந்தெருவில் இடது பக்கம் முழுக்க நிறுத்திவைத்த கார்கள், வலது பக்கம் பஸ்களும் லொறிகளும். நடுவில் கிடைக்கிற ஒரு முழ இடம்தான் எனக்கு. பஸ் ஒன்று என்னை முந்திப்போய் நிறுத்தத்தில் நிற்கும். நான் அதைச் சுற்றிப் போவேன். மூச்சு விடுவதற்குள் அது மறுபடியும் என்னை முந்தும். வழியில் காண்கிற மற்றச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஆண்கள். தலையில் கவசம், மூக்கை மூடிய துணி, மஞ்சள் பட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள். லண்டனில் சைக்கிள் ஓடுவது அப்போது ஒரு வீரச்செயலாக இருந்தது. எனக்கு வீரம் தேவைப்படவில்லை. பத்து மணிக்கு முன் அடுப்பு மூட்டப் போய்ச் சேர்ந்தால் போதும்.

ஓர் ஒக்டோபர் காலை, நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு எனக்கு முன்னால் திறந்தது. திறந்த மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவில் மோதித் தெருவின் நடுவில் விழுந்தேன். பின்னால் வந்த பஸ் பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தபோது அதன் முன் சில்லு எட்டடி தூரத்தில் நின்றது. கதவைத் திறந்தவர் "மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டே முதலில் சைக்கிளைத்தான் தூக்கினார். எனக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது.

என் கணவர் மினிகேப் என்கிற வாடகைக் கார் ஓடுகிறவர். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்னை ஏசவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து, பின்வளவுக் கொட்டிலுக்குள் சைக்கிளை வைத்துப் பூட்டினார். பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"நீர் இனி உதிலை போக வேண்டாம்" என்றார். "உமக்கு ஓடத் தெரியாதெண்டு சொல்லேல்லை. நாங்கள் என்னெண்டு கார் ஓடுறம் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் சொல்லுறன். கண்ணாடியிலை நாங்கள் பாக்கிறது பஸ்ஸையும் லொறியையும்தான். சைக்கிளை நாங்கள் பாக்கிறேல்லை."

எலும்பு பொருந்திய பிறகும், தெருவில் யாராவது கார்க் கதவைத் திறந்தால் நடைபாதையில் நடந்துகொண்டிருக்கிற நான் நின்றுவிடுவேன்.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இருந்து எங்கள் பத்திரங்கள் ஒருவழியாக வந்து, பயணம் செய்யலாம் என்று ஆனபோது, முதலில் போக வேண்டிய இடம் எது என்பதில் வீட்டில் பேச்சே இருக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறையில், ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, ஹாரிச்சில் கப்பல் ஏறினோம். கடலைத் தாண்டி, அங்கே ரயில் பிடித்து, அக்கா இருந்த டென் ஹாக் நகரத்தின் நிலையத்தில் இறங்கும்போது பின்னேரமாகிவிட்டது. கோடைகாலம் என்பதால் வெயில் இன்னும் நின்றது.

நிலைய வாசலில் சைக்கிள்கள். பத்து, நூறு என்று சொல்ல முடியாது. ஒன்றின் ஹேண்டில் இன்னொன்றின் கம்பிக்குள் சிக்கி, கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றன.

"இவ்வளவும் ஆரின்ரை? பக்கத்திலை ஏதும் ஃபாக்டரி இருக்கோ?" என்று என் கணவர் கேட்டார்.

அத்தான் எங்களை முதலில் கண்டு கையசைத்தார். அவருக்குப் பின்னால் அக்கா. எட்டு வருடங்கள். கட்டிப்பிடித்து அழுது முடித்து, மூக்கைத் துடைத்த பிறகுதான், சுவரோடு சாய்த்துவைத்திருந்த ஒரு கறுப்புச் சைக்கிளை அவள் போய் எடுப்பதைக் கண்டேன்.

"நீங்கள் சாமானோடை ட்ராமிலை வாங்கோ. நான் முன்னாலை போய்த் தேத்தண்ணி வைக்கிறன்" என்றாள்.

ட்ராம் ஜன்னலுக்குள்ளால் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்களுக்கும் கார்களுக்கும் அப்பால், சிவப்பு நிறத்தில் தனியாக ஓடிய ஒரு பாதையில் அக்கா போய்க்கொண்டிருந்தாள். முதுகு நேராக, மேல்கோட்டு காற்றில் உப்ப, ஹேண்டிலில் ஒரு கீரைப் பை தொங்க. ஒரு சந்தியில் இடது கையை நீட்டிக் காட்டிவிட்டு, யாருக்கும் காத்திராமல் திரும்பினாள். ட்ராம் இரண்டு நிறுத்தங்களில் நின்றது. அதற்குள் அவள் கண்ணுக்கு மறைந்துவிட்டாள். நாங்கள் மூன்றாம் மாடி ஏறிப் போனபோது கேத்தில் கொதித்துவிட்டிருந்தது.

அடுத்த நாள் காலை என்னைக் கீழே கூட்டிப்போனாள். கீழ்வீட்டில் இருந்த டச்சு அம்மா தன்னுடைய இரண்டாவது சைக்கிளை எனக்காகக் கழுவி வைத்திருந்தார். அதுவும் கறுப்பு. இருக்கை அகலம், ஹேண்டில் என் பக்கமாக வளைந்து வந்தது. சங்கிலி முழுவதும் ஒரு பெட்டிக்குள் மூடியிருந்தது. பின்சில்லின் இரு பக்கமும் பாவாடை சிக்காமல் ஒரு தடுப்பு. சேலையோடே ஓடலாம். ஆனால் கைக்குப் பிரேக் இல்லை.

"பெடலைப் பின்னுக்கு மிதி, நிக்கும்" என்றாள் அக்கா.

நான் ஏறவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றேன்.

"என்னடி, நீயே பயப்பிடுறாய்?"

"விழுந்தனான் அக்கா. எழுதினனான்தானே."

"ஓம். வாசிச்சிட்டு அழுதனான். இஞ்சை கதவு உனக்கு எட்டாது. வா, வந்து பார்."

சொன்னது உண்மை. பெரிய தெருவுக்கு வந்ததும் அவள் காலை ஊன்றி நின்று எனக்குக் காட்டினாள். கார்கள் நிறுத்துகிற வரிசை, அதை அடுத்து ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குக் கல் பதித்த வெறும் இடம், அதற்கும் இந்தப் பக்கம் கொஞ்சம் உயரத்தில் எங்கள் பாதை. கதவை எவ்வளவு அகலத் திறந்தாலும் அந்த வெறும் இடத்துக்குள்தான் திறக்கும். பக்கத்துத் தெருக்கள் வந்து சேருகிற இடங்களில் எங்கள் பாதை கீழே இறங்கவில்லை. அது அதே உயரத்தில் போனது. கார்தான் ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்க வேண்டும். ஏறுவதற்காக அது வேகத்தைக் குறைக்கும்போது, ஓடுகிறவருக்கு எங்களைப் பார்க்க நேரம் கிடைத்துவிடும். பெரிய சந்தியில் கார்களுக்கு ஒரு விளக்கு, எங்களுக்கு வேறொரு விளக்கு. சின்னது, கண் உயரத்தில், உள்ளே சைக்கிள் படம் போட்டது. சைக்கிளில் இருந்தபடியே கை நீட்டி அழுத்த ஒரு பொத்தானும் இருந்தது. யாரோ ஒருவர் இந்த இடத்தில் சைக்கிளோடு நின்று, இங்கே நிற்கிற ஆளுக்கு என்ன வேணும் என்று யோசித்துச் செய்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. லண்டனில் எனக்காக யாரும் அப்படி யோசித்ததாக நான் உணர்ந்தது இல்லை.

அக்கா எச்சரித்தது ஒன்றைப் பற்றித்தான். "நிலத்திலை இருக்கிற ட்ராம் கம்பியை நேரை குறுக்கறுத்துப் போ. சாஞ்சு போனியெண்டால் சில்லு உள்ளை இறங்கிடும். எனக்கு ஒருக்கா இறங்கினது" என்றாள்.

சின்னத் தெருக்களில் தனிப் பாதை இருக்கவில்லை. அங்கே தேவையும் இல்லை. செங்கல் பதித்த ஒடுக்கமான தெருக்கள், நூறு அடிக்கு ஒரு மேடு, ஒரு வளைவு, நடுவில் மரம் வைத்த ஒரு தொட்டி. காரில் வந்தவர் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தார். ஹோர்ன் அடிக்கவில்லை. நான் பதறிப்போய் ஓரம் ஒதுங்கப் பார்த்தேன். "நீ உன்ரை பாட்டிலை போ" என்றாள் அக்கா.

காலையில் சந்தை, அங்கிருந்து பல் டாக்டர், பிறகு அவளுடைய எட்டு வயது மகளின் நீச்சல் வகுப்பு, தையல்கடை. எல்லாமே கால் மணி நேரத்துக்குள் இருந்தன. வழி முழுவதும் நான் மனிதர்களைத்தான் பார்த்தேன். டை கட்டிய ஒருவர், வயிறு தள்ளிய ஒரு கர்ப்பிணி, முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பிள்ளையும் வைத்த தகப்பன், கையைக் கோத்துக்கொண்டு இரு சைக்கிளில் போன ஒரு வயதான சோடி. ஒருவர்கூடத் தனி உடுப்புப் போட்டிருக்கவில்லை. யாரும் பல்லைக் கடிக்கவில்லை. எங்கேயோ போக வேண்டியிருந்தது, போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நான் கதவுகளை மறந்துவிட்டேன். எதிர்க்காற்று மட்டும்தான் தொல்லை. கடல் பக்கமிருந்து அது அடித்தால், மலை ஏறுவதுபோல நின்று மிதிக்க வேண்டும்.

ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது அக்காவிடம் கேட்டேன்.

"என்னெண்டு அக்கா துணிஞ்சாய்?"

அவள் வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள். "துணியேல்லை. வேறை வழி இருக்கேல்லை. அவர் விடியவே தக்காளி ஆயக் கண்ணாடிக் கூரை போட்ட தோட்டத்துக்குப் போயிடுவார். பள்ளிக்கூடம், டாக்டர், கடை எல்லாம் நான்தான். கீழ்வீட்டு அம்மாதான் சொன்னா, எங்கடை பகுதி மண்டபத்திலை பொம்பிளையளுக்குச் சைக்கிள் பழக்கினம் எண்டு. போனன். மொரோக்கோ, துருக்கி, எல்லா ஊர்ப் பொம்பிளையளும். ஒருத்தருக்கும் மற்றவையின்ரை பாஷை தெரியாது. விழுந்தால் எல்லாரும் சேர்ந்து சிரிப்பம். முதல் நாள் நான் ஆறுதரம் விழுந்தனான். அந்த அம்மா பின்னாலை கரியரைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வருவா, அவவுக்கு அறுவது வயது."

"றோட்டிலை போகப் பயமா இருக்கேல்லையோ?"

"இருந்தது. ஆனால் எனக்குச் சைக்கிளை மட்டும்தான் பழக வேண்டியிருந்தது. பாதை ஏற்கெனவே இருந்தது. கார்க்காரனோடை மல்லுக்கட்டப் பழக வேண்டியிருக்கேல்லை."

டூட்டிங்கில் நான் கெட்டிக்காரியாய் இருந்தும் விழுந்தேன். அக்கா இங்கே பயந்தாங்கொள்ளியாகவே இருந்துகொண்டு ஓடுகிறாள். அவள் மாறவில்லை. இரவில் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற அதே அக்காதான். அவளைப் போன்ற ஒருத்தியும் ஓடலாம் என்றுதான் அந்த நகரத்தைக் கட்டியிருந்தார்கள்.

என் கணவர் இதற்கெல்லாம் பிடிகொடுக்கவில்லை. "நான் ட்ராமிலை வாறன்" என்று நான்கு நாள் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடற்கரைக்குப் புறப்பட்டபோது, அத்தான் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு ட்ராமில் ஏறிக்கொண்டார். இவருக்கு வேறு வழி இருக்கவில்லை. முன்னால் அக்கா, நடுவில் இவர், பின்னால் நான்.

கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு சந்தி. விளக்கு இல்லை. எங்கள் பாதை ஒரு தெருவைக் குறுக்கறுத்தது. அக்கா போய்விட்டாள். இவர் நின்றுவிட்டார். அந்தத் தெருவுக்குள் திரும்ப இருந்த ஒரு காரும் நின்றது. இவர் காருக்குக் கையைக் காட்டி, போ என்றார். காரில் இருந்தவர் இவருக்குக் கையைக் காட்டி, நீ போ என்றார். இவர் மறுபடியும் காட்டினார். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து மணி அடித்தார்கள்.

மறுகரையில் இருந்து அக்கா கூப்பிட்டாள். "தம்பி, வாங்கோ. அவர் உங்களுக்காகத்தான் நிக்கிறார்."

"என்னத்துக்கு?"

"உங்களைக் கண்டிட்டார்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு, யாரோ ஒருவரின் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைகிறவர் மாதிரி, அந்த இருபது அடியைக் கடந்தார். கடந்தவர் போகவில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டுச் சந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடல் காற்று வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அங்கே காத்திருப்பார்கள் என்று நான் அவசரப்படுத்தினேன். "கொஞ்சம் பொறும்" என்றார். பத்து நிமிடமாவது நின்றிருப்போம்.

"திரும்பேக்கை ஒவ்வொருத்தனும் தோளுக்கு மேலாலை பாக்கிறான்" என்றார் கடைசியில். "ஒருத்தனும் தப்பேல்லை. நான் எண்ணிக்கொண்டுதான் நிண்டனான்."

"அவையும் சைக்கிள்காரர்தானே, தம்பி" என்றாள் அக்கா. "இண்டைக்குக் காரிலை வாறவர் நாளைக்குச் சைக்கிளிலை வருவார். அவர் வராட்டி அவரின்ரை பிள்ளை வரும்."

அன்று பின்னேரம் கீழ்வீட்டு அம்மா எங்களைத் தேநீருக்கு அழைத்திருந்தார். நிதானமான ஆங்கிலம் பேசுவார். என் கணவர் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். உங்கள் ஆட்கள் பிறவியிலேயே இவ்வளவு பொறுமைசாலிகளா என்று.

அந்த அம்மா சிரித்தார். "என் கணவர் கார் ஓட்டியபோது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்த் தெருவைக் காட்டினார். தன் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது இந்தத் தெருவின் இரு பக்கமும் கார்கள். கடலுக்குப் போகிறவர்கள் எல்லாம் குறுக்குவழியாக இதற்குள்ளால்தான் பறப்பார்கள். எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று அடிபட்டுக் காலில் ஊனத்தோடு பிழைத்தது. அதற்குப் பிறகு தெருவில் இருந்த தாய்மார் ஒரு வெள்ளிக்கிழமை தங்கள் சாப்பாட்டு மேசைகளைத் தூக்கிவந்து நடுத்தெருவில் போட்டார்கள். சூப் குடித்தார்கள். அடுத்த வெள்ளியும் போட்டார்கள். பொலிஸ் வந்தது. மூலைக் கடைக்காரர் வியாபாரம் கெட்டது என்று கத்தினார். மாதக்கணக்காக மேசையும் சூப்புமாய்ப் போராடிய பிறகு, நகரசபை தெருவின் ஒரு முனையைக் கார்களுக்கு மூடியது.

"அந்தக் கடைக்காரருக்கு என்ன நடந்தது?" என்று என் கணவர் கேட்டார்.

"கடை இப்போதும் இருக்கிறது. நீங்கள் காலையில் பாண் வாங்கியது அங்கேதான்."

லண்டனுக்குத் திரும்பி வந்த வாரம், நான் கேட்காமலே இவர் கொட்டிலைத் திறந்து சைக்கிளை வெளியே எடுத்தார். குனிந்து பிடிக்கிற ஹேண்டிலைக் கழற்றி, நிமிர்ந்து இருக்கிற மாதிரி வேறொன்று பூட்டினார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். ஆனால் என் கையில் தரவில்லை. ஒரு கடதாசியை எடுத்து மேசையில் விரித்தார். மினிகேப் ஓடுகிறவருக்கு எங்கள் பகுதியில் தெரியாத சந்து கிடையாது. எந்தத் தெருவால் பஸ் போகாது, எங்கே லொறி திரும்ப ஏலாது, எங்கே வலது பக்கம் திரும்பாமல் சுற்றிப் போகலாம் என்று பென்சிலால் கோடு போட்டார். ஒரு பூங்கா, வாண்டில் ஆற்றோரமாக ஒரு துண்டு நடைபாதை, அதில் நான் இறங்கி உருட்ட வேண்டும், பிறகு ஒன்பது சின்னத் தெருக்கள். பெருந்தெருவை ஒரே ஒரு தடவை, அதுவும் விளக்கில், நடந்து கடந்தால் போதும்.

"இது சுத்துவழி. ஏழெட்டு நிமிசம் கூடப் போகும்" என்றார். "பரவாயில்லையே?"

"பரவாயில்லை" என்றேன்.

முதல் நாள் தன் வேலையை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் காரில் மெதுவாக வந்தார். பின்னால் வந்த எல்லோரும் அவருக்கு ஹோர்ன் அடித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அது யாருடைய கார் என்று தெரிந்ததால் ஓரம் ஒதுங்காமல் போனேன்.

அவர் போட்ட வழியில் ஒரு தெரு மட்டும் சரிவரவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால் இருந்த கடைசித் தெரு. பெருந்தெருவின் விளக்கைத் தவிர்க்க நினைக்கிறவர்கள் எல்லோரும் அதற்குள்ளால்தான் விழுந்து ஓடுவார்கள். பிள்ளைகள் வருகிற நேரம்தான் அவர்களுக்கும் அவசரம். சமையற்கூடத்தில் என்னோடு வேலை செய்த ஜமேய்க்கப் பெண்ணுக்கு நான் மேசையும் சூப்பும் கதையைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்களிடம் நாற்பது மேசை இருக்கிறதே" என்றாள்.

மேசை போடுகிற அளவுக்கு நாங்கள் போகவில்லை. தலைமை ஆசிரியையிடம் கேட்டு, வாசலில் நின்று, தெருவின் ஒரு முனையைக் கார்களுக்கு மூடச் சொல்லிக் கவுன்சிலுக்குக் கொடுக்க ஒரு மனுவில் கையெழுத்துச் சேர்த்தோம். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார் எழுதினார்கள். அந்தத் தெருவில் இருந்தவர்களும் பாதிப்பேர் எழுதினார்கள். மனுவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒருநாள் மேசையில் வைத்தேன். இவரிடம் கேட்கவில்லை. அந்தத் தெருவால் மினிகேப்காரர் எல்லோரும் ஓடுவது எனக்குத் தெரியும்.

அவர் வாசித்தார். "இதாலை நானே ஒரு நாளைக்குப் பத்துத்தரம் போறன்" என்றார்.

"தெரியும். அதுதான் கேக்கேல்லை."

"பேனையைத் தாரும்."

எழுதிவிட்டு, தான் வேலை செய்கிற மினிகேப் ஒஃபிஸுக்கும் அதைக் கொண்டுபோனார். அங்கே அவருக்கு நல்ல ஏச்சு விழுந்தது. கூட ஓடுகிற ஒரு அண்ணை, "உனக்கென்ன விசரே, இருக்கிற வழியை நீயே அடைக்கப் போறியே?" என்று கேட்டாராம். அந்த அண்ணையின் பேத்தி எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள் என்பது அவருக்கே பிறகுதான் ஞாபகம் வந்ததாம். மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அண்ணை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவால் வருவதை விட்டுவிட்டார்.

கவுன்சில் அவசரப்படவில்லை. கடிதம் போட்டால் பதில் வராது. மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நானும் எழும்பி, உடைந்த என் ஆங்கிலத்தில், கதவு திறந்த கதையைச் சொன்னேன். ஒரு கடைக்காரர் வியாபாரம் கெட்டுவிடும் என்று சொன்னபோது, பின்வரிசையில் இருந்து என் கணவர், "டென் ஹாக்கில் அந்தக் கடை இன்னும் இருக்கிறது" என்றார். யாருக்கும் விளங்கவில்லை. நான் மட்டும் சிரிப்பை அடக்கினேன். நாலு வருடம் போனது. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்த என் மகள் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒரு திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது, தெருவின் ஒரு முனையில் மூன்று இரும்புக் கட்டைகள் நட்டிருந்தன. நடுவில் ஒரு சைக்கிள் நுழைகிற இடைவெளி.

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா முதல் தடவையாக லண்டன் வந்தாள். பெருந்தெருவைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளையோ நீ ஓடினனி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஏழு நாளும் பஸ்ஸில்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு சனிக்கிழமை, என் சைக்கிளை நான் உருட்ட, அவள் பக்கத்தில் நடக்க, பள்ளிக்கூடத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். தெருவில் இரண்டு பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இரும்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு சைக்கிளை என்னிடமிருந்து வாங்கி, பாவாடையைச் சரிசெய்து ஏறினாள். தெருவின் மறுமுனை வரை போனாள். அங்கே கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினாள். காட்டுவதற்கு அங்கே ஒரு காரும் இல்லை.

திரும்பி வந்து இறங்கியவளுக்கு மூச்சு வாங்கியது.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான் அக்கா."

"சின்னன்தான்" என்றாள். "ஆனால் நல்லாயிருக்கு. இன்னொருக்கால் போட்டு வாறன்."

அவள் போனாள். பந்தடித்த பிள்ளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.